டாப் 10 கார்டு பட்டியல் வேண்டாம், அட்டவணை போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரெடிட் கார்டு பற்றிப் பத்திரிகைகளில் எப்போது எழுதினாலும் "சிறந்த பத்து கார்டுகள்" என்ற பட்டியலாகத்தான் வருகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகக் கணிதம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலை வைத்து எந்தக் குடும்பமும் முடிவெடுக்க முடியாது. முதலிடத்தில் இருப்பது ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் கேஷ்பேக் தரும் கார்டு, இரண்டாமிடத்தில் இருப்பதும் அதே 5 சதவீதம் தருவது என்றால், முதல் கார்டு மாதம் இவ்வளவுதான் கேஷ்பேக் என்று வைத்திருக்கும் வரம்பையே தொடாத ஒரு வீட்டுக்கு இரண்டாவது கார்டால் ஒரு பைசா கூடுதல் கிடையாது, ஆண்டுக் கட்டணம் மட்டும் இரண்டு கட்ட வேண்டும். எந்தக் கார்டு நல்லது என்று கேட்பதே தப்பு. என் வீட்டுச் செலவுக்கு எந்தெந்தக் கார்டு சேர்ந்தால் கையில் மிஞ்சுவது அதிகம் என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் மளிகைக்கு 12,000, ஆன்லைனில் 10,000, மற்றவை 8,000 ரூபாய் செலவாகும் வீடு என்று வையுங்கள். கையில் இருக்கும் கார்டு ஆன்லைனுக்கு 5 சதவீதமும் மற்றதற்கு 1 சதவீதமும் தருகிறது, கட்டணம் 1,000, அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180. ஆண்டு வரவு 8,400, கட்டணம் போக 7,220. இப்போது மளிகைக்கு 5 சதவீதம் என்று இன்னொரு கார்டு விளம்பரம் வருகிறது, கட்டணம் 1,500, வரியோடு 1,770. மளிகை ஆண்டுக்கு 1,44,000 ஆச்சே, கூடுதல் 4 சதவீதம் என்றால் 5,760, கட்டணம் போனாலும் நாலாயிரம் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மாதம் 200 ரூபாய்க்கு மேல் கேஷ்பேக் கிடையாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அப்படியானால் மாதம் முதல் 4,000 ரூபாய்க்குத்தான் அந்த 5 சதவீதம், மீதி 8,000 பழைய கார்டிலேயே போக வேண்டியதுதான். ஆண்டுக்குக் கூடுதல் வரவு 1,920, கட்டணம் 1,770, மிச்சம் 150 ரூபாய். ஒரே ஒரு மாதம் பில் தேதியைத் தவறவிட்டால் அந்த 150-ம் போச்சு!

இது பதினோராம் வகுப்புப் பாடத்தில் இருக்கும் நேரியல் திட்டமிடல் கணக்குதான், அதாவது சில வரம்புகளுக்குள் லாபத்தை எவ்வளவு கூட்டலாம் என்று பார்க்கும் கணக்கு, கூடவே ஒரு சின்ன சிக்கல். எந்தச் செலவில் எத்தனை ரூபாயை எந்தக் கார்டில் போடுவது என்பது எந்தத் தொகையாகவும் இருக்கக்கூடிய சாதாரண மாறி, கார்டை வாங்குகிறோமா இல்லையா என்பதோ வாங்கினால் 1, இல்லாவிட்டால் 0, நடுவில் எதுவும் கிடையாது. கட்டணம் அந்த 1-ஓடு ஒட்டிக்கொண்டு வரும், மாத வரம்பு கட்டுப்பாடாக வரும். ஆண்டுக்கு 2 லட்சம் செலவழித்தால் கட்டணம் இல்லை என்கிற மாதிரி சலுகை இருந்தால் இன்னொரு 0–1 சேரும், ஏனென்றால் பத்தாயிரத்தை வேறு கார்டுக்கு மாற்றப்போய் இங்கே சலுகை போய்விடலாம். 20 கார்டுகளில் எதெதை வைத்துக்கொள்வது என்பதற்கு 10,48,576 வழிகள், கையால் ஆகாது. ஆனால் எக்செல்லில் இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுத் தரும் சால்வர் என்ற வசதியே போதும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் சால்வர் உண்டு. எண்களைச் சரியாகக் கொடுத்தால் இந்த அளவுக் கணக்கு சீக்கிரமே முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில் வீட்டுச் செலவு மாறாத எண். சலுகை வரம்பை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்கினால் கணக்கே கெட்டுவிடும். அப்புறம், பில்லை முழுசாகக் கட்டாத வீட்டுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றாலும் ஆண்டுக்கு 42, அதோடு பாக்கி வைத்தால் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும், எந்தக் கேஷ்பேக்கும் அதற்கு ஈடாகாது. அவர்கள் முதலில் கடனை அடைக்கட்டும்.

கணக்கில் 0 என்று வந்த கார்டை விட்டுவிடவும் தயங்க வேண்டாம். பாக்கி இல்லாவிட்டால், கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் கார்டை மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ம் ஆண்டில் உத்தரவிட்டது. இதையெல்லாம் ஏன் கட்டுரைகளில் எழுதுவதில்லை?

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தாமல், ஒவ்வொரு கார்டுக்கும் வரியோடு சேர்த்த கட்டணம், எந்தச் செலவுக்கு எத்தனை சதவீதம், மாத வரம்பு, கட்டணம் தள்ளுபடியாகும் தொகை, வாடகை, பெட்ரோல், காப்பீடு மாதிரி எதெதற்குக் கேஷ்பேக் இல்லை என்பதை ஒரே அட்டவணையில் போடுங்கள். எல்லா வங்கிகளும் இந்த எண்களை ஒரே படிவத்தில் வெளியிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியைத் தலையங்கத்தில் கேளுங்கள், இப்போது இவை பல பக்க நிபந்தனைகளில் சிதறிக் கிடக்கின்றன. அட்டவணை மட்டும் கையில் இருந்தால் மீதியை எங்கள் பிளஸ் டூ பிள்ளைகளே போட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
வணிகக் கணித ஆசிரியை,
திண்டுக்கல்