தொடர்மாடியில் மின்னேற்றும் வசதி

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவில் மகனுடன் வாடகை மின்சாரக் காரில் சுற்றினேன். அங்கும் நம்மைப் போல வாகனங்கள் இடப்பக்கமே ஓடுகின்றன. பிரதான தீவின் நீளம் ஏறத்தாழ 27 கிலோமீற்றர்தான். தலைநகர் வலேட்டாவிலிருந்து வடமுனைக்குப் போய், படகில் காரையும் ஏற்றிப் பக்கத்துத் தீவான கோசோ சென்று திரும்பியும் மின்கலத்தில் பாதி மிஞ்சியது. டிங்லி மேட்டிலிருந்து இறங்குகையில் பிரேக் அழுத்த அழுத்த மின்கலத்தில் மின்சாரம் சிறிது ஏறியது. எனக்கு அத்தனை மகிழ்ச்சி!

இரவில் தெருவோர மின்னேற்றும் தூணில் காரைச் செருகிவிட்டு உறங்கினோம். வெள்ளவத்தையில் எனக்கு அது கிடைக்கவில்லை. கீழ்த்தளத்தில் என் செலவிலேயே, தனி மீற்றருடன் மின்னேற்றி பொருத்தக் கேட்டும் எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழு இரண்டு வருடமாக மறுக்கிறது. அதிகாரிகளே, புதிய தொடர்மாடிகளுக்கு அனுமதி வழங்கும்போதே இவ்வசதியைக் கட்டாயமாக்குங்கள். பழைய கட்டிடங்களில் இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06