மைல் ஓட்டம் வேறு, கால் மைல் ஓட்டம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றியமைத்த டீசல் பிக்அப் டிரக்கை நின்ற நிலையிலிருந்து ஒரு மைல் விரட்டி, முடிவுக் கோட்டில் அதன் வேகத்தை அளக்கும் பந்தயம் பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பெரிய டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) பெரிய இன்ஜெக்டரும் (டீசலைப் பீச்சும் கருவி) போட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. கால் மைலுக்கு அது ஓரளவு சரி. 1,609 மீட்டருக்குச் சரிவராது.

கால் மைலில் இன்ஜின் முழுச் சுமையில் இருப்பது பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி. மைலில் அரை நிமிடம் தாண்டும். முதலில் அடிவாங்குவது பிஸ்டன். கரும்புகை கக்கினால் கூட்டம் கைதட்டும். ஆனால் அது காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல்; எரிபொருள் மிகையாகி வெப்பம் ஏறுவதன் அடையாளம். எக்ஸாஸ்ட் வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டரை டர்போவுக்கு முன்னால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டிலேயே பொருத்த வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி முள் இறங்காமல் நின்றால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து. புகை மெலியும் வரை எரிபொருளைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். பிறகு, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர். தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்து, இன்ஜினுக்குள் போகும் காற்றில் தெளிப்பது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதை நம்பி எரிபொருளை ஏற்றிவைத்தால், நாசில் அடைத்த அன்றைக்கு இன்ஜின் போய்விடும்.

அடுத்து கியர். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டயரின் சுற்றளவு 2.47 மீட்டர், கிரவுன்-பினியன் (பின் அச்சிலுள்ள கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதம் 3.55, ஓவர்டிரைவ் (கியர்பெட்டியின் உச்ச கியர்) விகிதம் 0.69 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் உச்சமாக 3,500 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3,500 சுற்று) சுழன்றால் வேகம் மணிக்கு 212 கி.மீ. டயர் வழுக்கலைக் கழித்தால் இன்னும் குறையும். ஆயிரம் குதிரைத்திறன் இருந்தாலும் இதுதான் எல்லை. 240ஐத் தொட இரண்டு வழி: இன்ஜினை 4,000 வரை சுழல விடலாம், அல்லது கிரவுன்-பினியனை 3.1 அளவுக்கு மாற்றலாம். முதல் வழி மலிவு என்று பலரும் அதில் இறங்குகிறார்கள். அதற்கு வால்வு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்பது பிறகுதான் தெரியவரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வண்டிக்கு அடியில் இருக்கிறது. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்ட், ஓவர்டிரைவில் இன்ஜினைவிட வேகமாகச் சுழலும். இன்ஜின் 3,500 என்றால் ஷாஃப்ட் 5,070. இன்ஜின் 4,000 என்றால் ஷாஃப்ட் 5,800. 1.8 மீட்டர் நீளமும் 100 மி.மீ. விட்டமும் உள்ள ஒரே துண்டு இரும்புக் குழாய் ஷாஃப்ட், ஏறக்குறைய 5,000 சுற்றிலேயே நடுவில் வில்லாக வளைந்து துள்ளத் தொடங்கும். எவ்வளவு நன்றாக பேலன்ஸ் செய்தாலும் இந்த எல்லை நகராது. நீளத்தைக் குறைத்தால்தான் நகரும். பாதியாக்கினால் எல்லை நான்கு மடங்காகும். எனவே நடுவில் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட் போட வேண்டும். அறுந்தால் தரையில் குத்தி வண்டியைத் தூக்கிவிடாதபடி முன்பக்க ஜாயிண்டுக்கு அருகே இரும்பு வளையமும் வேண்டும். கிரவுன்-பினியனை மாற்றும் வழியே மேல் என்பதற்கும் இதுதான் காரணம்: சாலை வேகம் கூடும், ஷாஃப்டின் சுற்று கூடாது.

காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப்படி கூடும். சாதாரண பிக்அப் உருவத்துக்கு 240 கி.மீ.யில் காற்றுக்கு மட்டும் சுமார் 340 குதிரைத்திறன் போகும்; 320இல் சுமார் 800. வண்டியைத் தாழ்த்துவதும், முன் பம்பருக்குக் கீழே தடுப்பு வைப்பதும், பின்பெட்டியை மூடுவதும் டர்போவைவிடக் குறைந்த செலவில் வேகம் தரும். பின்கதவைத் திறந்து போட்டால் தடை குறையும் என்பது பழைய நம்பிக்கை. கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிப் போக விடும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் வேக எழுத்தைப் பார்க்காமல் யாரும் கோட்டுக்கு வர வேண்டாம். 'எஸ்' என்றால் 180 கி.மீ., 'எச்' 210, 'வி' 240, 'டபிள்யூ' 270, 'ஒய்' 300. டிரக் டயர்களில் பல 'எஸ்' அளவிலேயே நின்றுவிடும்.

பிரேக்: மூன்று டன் வண்டியை 240இலிருந்து நிறுத்துவது 120இலிருந்து நிறுத்துவதைப்போல் நான்கு மடங்கு வெப்பம். புதிய டாட் 4 தர பிரேக் திரவம், நீளமான ஓடுதளம், நின்றபின் ஹேண்ட்பிரேக் போடாமல் இருப்பது, மூன்றும் கட்டாயம்.

கடைசியாக, சாவியைத் திருப்பினால் எந்த இன்ஜினும் நின்றுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். டர்போவின் சீல் கிழிந்து எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் போனால், டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவி நிறுத்துவது டீசலைத்தான், எண்ணெயை அல்ல. காற்றை அடைத்தால் மட்டுமே நிற்கும். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இழுத்து மூடும் காற்றடைப்பு வால்வு அதற்காகத்தான். தாங்கள் வெளியிட்ட உதிரிபாகப் பட்டியலில் அது இல்லை. அடுத்த இதழில் அதை மட்டுமாவது சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் இன்ஜின் மெக்கானிக் ஒருவர்