காமசமுத்திரத்தில் தவறி இறங்கிய சிறுமியின் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இந்த மடல் யாருக்கு என்று பெயர் எழுத என்னால் முடியவில்லை. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. 1984ஆம் ஆண்டு மே மாதம், குடியாத்தம் ரயில் நிலையத்திலிருந்து பங்காருப்பேட்டைக்குப் பத்து வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் போனாள். பச்சைப் பாவாடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய இரட்டைப் பின்னல், மடியில் ஒரு மஞ்சள் பை. அவளைப் பார்த்த நினைவு உங்களில் யாருக்கேனும் இருந்தாலும், உங்கள் அப்பாவோ பாட்டியோ அவளைப் பற்றி எப்போதாவது சொல்லக் கேட்டிருந்தாலும், அந்தப் பெண் நான்தான்.

அப்பா கோலார் தங்கவயலில் வேலை செய்தார். எங்கள் வடாற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1880களில் வெள்ளைக்காரர்கள் அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாளிலிருந்து நம் பக்கத்துக் கிராமங்கள் குடும்பம் குடும்பமாக அங்கே போயின. என் தாத்தா போனார், அவருக்குப் பின் அப்பா போனார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை கூண்டில் இறங்கி வேலை செய்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டியைப் பார்த்துக்கொள்ள அம்மா குடியாத்தத்திலேயே தங்கிவிட்டார். பீடி சுற்றி எங்களை வளர்த்தார். ஆண்டுக்கு இரண்டு முறை அப்பா ஊருக்கு வருவார். ஒன்று பொங்கல், இன்னொன்று வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. மற்ற நாட்களில் எனக்கு அப்பா என்றால் மணியார்டர் பாரத்தின் அடியில் எழுதப்பட்ட இரண்டு வரி.

அந்த ஆண்டு சிரசுக்கு அப்பா வரவில்லை. காலில் கல் விழுந்து அடிபட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் நடமாட முடியவில்லை என்று கடிதம்தான் வந்தது. அம்மா பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை. மாமாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. போய்வர இரண்டு நாள் ஆகும் என்பதால் அவராலும் முடியவில்லை. நான் போகிறேன் என்று சொன்னேன். முதலில் சிரித்தார்கள். மூன்று நாள் விடாமல் சொன்னேன். நான்காவது நாள் அம்மா சிரிக்கவில்லை.

அந்தத் தாயைக் குறைசொல்ல நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு என்னை அனுப்பத் துணிச்சல் வந்தது அலட்சியத்தால் அல்ல. ரயிலில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு வாத்தியார் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: "இந்தப் பெண் பங்காருப்பேட்டையில் இறங்க வேண்டும். இவள் தகப்பனார் அங்கே காத்திருப்பார். தயவுசெய்து உதவி செய்யவும்." அம்மா அதை நான்காக மடித்துப் பாவாடையின் உள்பக்கம் ஊக்கு வைத்துக் குத்திவிட்டார். தனக்குத் தெரிந்த வழி ஒன்றையும் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கல்யாணமான புதிதில் அப்பாவோடு இரண்டு முறை அந்தப் பாதையில் போய்வந்தவர். "ஸ்டேஷன் பலகையில் எழுத்து இரண்டு தடவை மாறும். முதல் தடவை மாறும்போது சும்மா இரு. இரண்டாவது தடவை மாறிய பிறகு எழுந்து வாசலுக்குப் போ." தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா என்று மூன்று மாநிலங்களைத் தொடுகிற பாதை அது.

குடியாத்தத்தில் டிக்கெட் கொடுத்தவருக்கு என் முதல் நன்றி. அட்டை டிக்கெட்டின் மூலையை வெட்டி அரை டிக்கெட்டாக்கிக் கொடுத்தவர், "கூட யார்?" என்று கேட்டார். யாருமில்லை என்றதும், வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பூக்கார அம்மாளைப் பார்த்து, "ஆம்பூர் வரை நீ பார்த்துக்கொள்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மாளும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கூடையை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி என் பின்னலில் வைத்துவிட்டு, எதிரே இருந்த வயதான முஸ்லிம் அம்மாளிடம், "அக்கா, இது தங்கவயலுக்குப் போகிற பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார். வாணியம்பாடி வரை நான் அந்த அம்மாளின் பொறுப்பு. முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பேரீச்சம்பழம் தந்தார். கொட்டையை ஜன்னலுக்கு வெளியே எறியாமல் அவர் கையிலேயே வாங்கிக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஜோலார்பேட்டையில் வண்டி வெகுநேரம் நின்றது. அங்கே டீ விற்றவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜோலார்பேட்டை தாண்டிய பிறகு என்னை யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பெட்டியில் பாதிக் கூட்டம் இறங்கிவிட்டது. சோமநாயக்கன்பட்டி, பச்சூர் வரை தமிழ்ப் பலகைகள். பிறகு எழுத்து மாறியது. ஒன்று என்று விரலை மடக்கிக்கொண்டேன். குப்பம் போனது. அதற்கப்புறம்தான் அம்மாவுக்கும் எனக்கும் தெரியாத ஒரு சங்கதி காத்திருந்தது. தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் அக்கா தங்கை மாதிரி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். ஏதோ ஒரு ஸ்டேஷனில், எழுத்தின் தலைமேல் 'சரி' போட்டதுபோல் இருந்த கொம்பு காணாமல் போய்ப் படுக்கைக் கோடு ஒன்று வந்திருப்பதைக் கண்டேன். இரண்டு. எழுந்து வாசலுக்குப் போனேன். அடுத்து வண்டி நின்றதும் ஒரு கும்பல் இறங்கியது. நானும் இறங்கினேன். வண்டி போய்விட்டது. அப்பா இல்லை.

அது காமசமுத்திரம். பங்காருப்பேட்டைக்கு முன்னால் வருகிற சின்ன ஸ்டேஷன்.

இறங்கியவர்கள் வயல்வரப்பில் நடந்து மறைந்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் நானும் மஞ்சள் பையும் மட்டும். தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் மணியடித்துவிட்டுத் திரும்பிய பாயிண்ட்ஸ்மேன் என்னைப் பார்த்தார். நீலச் சட்டை, காதில் வெள்ளைக் கடுக்கன். கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் பாவாடை ஊக்கைக் கழற்றிக் காகிதத்தை நீட்டினேன். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு இரண்டும் வராது. ஆகவே காகிதத்தை நானே உரக்கப் படித்தேன், பாயிண்ட்ஸ்மேன் அதைக் கன்னடத்தில் மாஸ்டருக்குச் சொன்னார். "உதவி செய்யவும்" என்ற இடம் வந்தபோது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அப்புறம் அரைமணி நேரம் அழுதேன்.

இன்று 1098 என்று குழந்தைகளுக்கான எண் இருக்கிறது. ரயிலில் 139 இருக்கிறது. அன்று இருந்தது மேசைமேல் கைப்பிடி வைத்த ஒரு டெலிபோன். மாஸ்டர் அதைச் சுற்றிச் சுற்றிப் பங்காருப்பேட்டையைப் பிடித்தார். அப்பா அங்கே ஊன்றுகோலோடு ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவர் சொல்லித் தெரியும். அறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "மகள் காமசமுத்திரத்தில் இருக்கிறாள், அடுத்த வண்டியில் வருகிறாள்" என்றபோது பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஓடிவந்த அந்த மனிதருக்கும் என் நன்றி.

அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பாயிண்ட்ஸ்மேன் தன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார். கேழ்வரகுக் களி, கொள்ளுக் குழம்பு. எங்கள் வீட்டில் தினமும் சாப்பிடுகிற அதே களி. ஆனால் அவர்கள் ஊர் வழக்கப்படி பந்து மாதிரி உருட்டி வைத்திருந்தது. மூடியில் பாதியைப் பிட்டு வைத்தார். நான் களியை வாயில் வைத்து மெல்லத் தொடங்கியதும் அவர் சிரித்துவிட்டார். மெல்லக்கூடாதாம், குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம். விழுங்கிக் காட்டினார். நானும் விழுங்கினேன். அழுகை நின்றது அந்த இடத்தில்தான். மிச்சம் அவருக்கு எவ்வளவு இருந்தது என்று அன்று நான் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் தொண்டை அடைக்கிறது. விடிகாலை முதல் வெயிலில் நிற்கிற மனிதர், அவருக்கு அது ஒருவேளைச் சாப்பாடு.

வண்டி வந்ததும் மாஸ்டரே கடைசிப் பெட்டிவரை நடந்து வந்து என்னைக் கார்டிடம் ஒப்படைத்தார். கார்டு பெட்டியில் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார வைத்தார்கள். சுருட்டிய சிவப்புக் கொடி என் மடியில். பச்சைக் கொடியை அவர் அசைத்தார். காமசமுத்திரத்தில் இரண்டு பேர் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். பங்காருப்பேட்டையில் அப்பா நின்றார். என்னை ஒரு வார்த்தை அவர் திட்டவில்லை. பையில் என்ன கொண்டுவந்தேன் என்று கேட்டார். சிரசுக் குங்குமமும் கடலை உருண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்து மாரிக்குப்பம் போகிற சின்ன வண்டியில் தங்கவயலுக்குப் போனோம். வழியெல்லாம் சுரங்க மண் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேடுகளைக் காட்டிக்கொண்டே வந்தார்.

அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருந்தால் அம்மா என்னை மறுபடி அனுப்பியிருக்க மாட்டார். ஒருவர் கடுமையாகப் பேசியிருந்தாலும் நானே போயிருக்க மாட்டேன். போனேன். அடுத்த ஆறு ஆண்டுகள், ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் போனேன். அப்பா ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வந்து குளிக்கும்போது தலையிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். அவர் ரசம் வைப்பார் என்பதும், சாப்பிடும்போது மெதுவாகப் பாட்டு முணுமுணுப்பார் என்பதும், அவருக்கு இருட்டு பயமில்லை, இடிச்சத்தம்தான் பயம் என்பதும் அங்கே தங்கியதால் எனக்குத் தெரிந்தவை. பொங்கலுக்கும் சிரசுக்கும் வந்துபோகிற விருந்தாளியை எனக்கு அப்பாவாக்கிக் கொடுத்தவர்கள் நீங்கள்.

ஜோலார்பேட்டை டீக்காரரை மறக்கவில்லை. முதல் தடவை காசு வாங்காமல் பால் கொடுத்தவர், அடுத்த ஆண்டும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "தங்கவயல் பாப்பா வந்தாச்சு" என்று கெட்டிலோடு ஜன்னலுக்கு வருவார். பின்னர் நான் காசு நீட்டினால், "அப்பா சம்பளம் வாங்கட்டும்" என்பார். ஆறு ஆண்டும் அந்தச் சம்பள நாள் அவர் கணக்கில் வரவே இல்லை.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு குடியாத்தம் வந்து சேர்ந்தார். அதற்குள் வடாற்காடு மாவட்டம் பிரிந்து பன்னிரண்டு ஆண்டு ஆகப்போகிறது. அவரோ கடைசிவரை கடிதத்தில் வடாற்காடு என்றுதான் முகவரி எழுதினார். சென்ற ஆண்டு காலமானார்.

காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, அவருடைய வேலை அடையாள அட்டையின் உறைக்குள் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. வாத்தியார் எழுதிய அதே காகிதம். ஊக்குக் குத்திய துளையில் துரு ஏறியிருந்தது. பின்பக்கம் நீல மையில் மூன்று வரி, கன்னடத்தில். அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. கார்டு அதை அப்பாவிடம் கொடுத்திருக்க வேண்டும். தங்கவயலில் இருந்தவர், கன்னடம் படிக்கத் தெரிந்தவர். என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

வேலூரில் என்னோடு வேலை செய்கிற கோலார்க்காரத் தோழி அதைப் படித்துச் சொன்னார்:

"குழந்தை சாப்பிட்டுவிட்டது. அழவில்லை. திட்ட வேண்டாம்."

ஐயா, நான் அழுதேன். நீங்கள் எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகம் தெரியாத ஒரு தகப்பன் மனம் வருந்தக்கூடாது என்று அப்படி எழுதினீர்கள். உங்கள் கையெழுத்து அவரிடம் நாற்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்தது.

போன மாதம் காமசமுத்திரத்தில் வேண்டுமென்றே இறங்கினேன். பணியில் இருந்த இளைஞருக்கு அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் உட்கார நாற்காலி போட்டு, முழுக்கதையையும் கேட்டார். வெளியே கடை வைத்திருக்கும் பெரியவர் கடுக்கன் போட்ட ஒருவரைத் தனக்கு நினைவிருப்பதாகச் சொன்னார், ஊர் மட்டும் தெரியாதாம்.

தோழி இந்த மடலைக் கன்னடத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். ஒரு பிரதி ஸ்டேஷனில், ஒன்று அந்தக் கடையில். ஜோலார்பேட்டையிலும் இறங்கி டீக்கடைகளில் விசாரிக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
தங்கவயல் பாப்பா,
குடியாத்தம்