சந்தையில் மாட்டு விலை விழும்போது மானியம் கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

அனுப்புநர்:
பொள்ளாச்சி வட்டார மாடு வளர்ப்போர்

பொருள்: மாட்டு விலை வீழ்ச்சிக்கு மானியமும் கடன் தவணைக்கு அவகாசமும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைக் குறைதீர் நாளில் முன்பே கொடுத்தோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை. பொள்ளாச்சிச் சந்தை தங்களுக்குத் தெரியாததல்ல. கேரள வியாபாரிகள் வந்தால்தான் அங்கே அடிமாட்டுக்கு விலை. மாட்டுக்குக் கோமாரி நோய் என்று பேச்சு கிளம்பினாலோ, அந்தப் பக்கம் வெள்ளம் என்றாலோ அவர்கள் வருவதில்லை.

1. உழவுக்கு ஆகாத எருதையும் கலப்பினக் காளைக்கன்றையும் விற்ற காசில்தான் அடுத்த கறவை வாங்குகிறோம்.

2. விற்காமல் திரும்பினால் இரண்டு பக்கமும் வண்டி வாடகை எங்கள் தலையில். தரகருக்கும் இது தெரியும். காலையில் ஒரு விலை கேட்டவரே உச்சிவெயிலுக்குப் பிறகு துண்டுக்கடியில் விரல் பிடித்து அதில் பாதி சொல்கிறார். "வேண்டாம்னா ஓட்டிட்டுப் போங்க" என்கிறார்.

3. விலை ஏறும்வரை வைத்திருங்கள் என்று ஒரு அலுவலர் சொன்னார். சரி, எப்படி வைத்திருப்பது ஐயா? 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மாடு வளர்ப்போருக்கும் உண்டு. அதில் வாங்கிய கடனுக்கு வட்டி 7 சதவீதம், கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4. கெடு தவறினால் அந்தச் சலுகை போயிற்று. சந்தை படுத்த வாரத்தில் கெடு வந்தால், கேட்ட விலைக்குக் கயிற்றைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். வைத்திருந்தாலோ, கிழட்டு எருது உழாது, ஆனால் தின்னும். தவிடு, புண்ணாக்கு, சோளத்தட்டு, வைக்கோல் இதில் எதன் விலை இறங்கியிருக்கிறது? மாட்டின் விலை மட்டும்தான் இறங்குகிறது!

4. மாடு செத்தால் காப்பீடு உண்டு. உயிரோடு பாதி விலைக்குப் போனால் ஒன்றும் கிடையாது. அப்படியானால் மாடு சாகட்டும் என்று வேண்டிக்கொள்ளவா? நெல்லுக்கு ஆதரவு விலை இருக்கிறது, கரும்புக்கு இருக்கிறது. மாடு என்ன பாவம் செய்தது? கேட்டால் கொள்கை முடிவு என்கிறார்கள். முடிவெடுப்பவர்களுக்கு எழுத வேண்டியது தாங்கள்தானே ஐயா.

5. சந்தை விலையை வாராவாரம் அரசே பதிவு செய்யட்டும். வழக்கமான விலைக்குக் கீழே போகும்போது வித்தியாசத்தில் ஒரு பங்கையாவது கொடுக்கட்டும். துண்டுக்கடியில் முடியும் வியாபாரத்துக்கு ரசீது ஏது என்று கேட்பார்கள். சந்தையில் கொடுக்கும் சுங்கச் சீட்டிலேயே விற்ற விலையை எழுதச் சொன்னால் போதும். அப்புறம், விலை விழுந்த நாட்களில் வட்டிச் சலுகை போகாமல் தவணைக்கு அவகாசம் வேண்டும். அதுவும் முடியாதென்றால், 2017 வறட்சியில் உலர் தீவனக் கிடங்கு திறந்து கிலோ 2 ரூபாய்க்கு வைக்கோல் கொடுத்தீர்களே, அதையாவது செய்யுங்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

மானியம் தாருங்கள், அவகாசம் தாருங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவுக்காவது பதில் எழுதுங்கள் ஐயா. முடியாது என்றால் அதையே எழுத்தில் தாருங்கள், வங்கியில் காட்டவாவது உதவும்.

இப்படிக்கு,
மாடு வளர்ப்போர்