தும்பைப்பட்டி போய் வந்தேன்

மேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தர்மராஜ்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மகன் போனில் சொன்னான். கட்டுப் பிரிக்கும்வரை இதை நீயே படிக்க முயலாதே, பேத்தியை வாசிக்கச் சொல். வாட்ஸப்பில் நீ அனுப்பிய கக்கன் செய்திக்கு நான் பதில் போடவில்லை என்று கோபமாமே? அந்தச் சின்னத் திரையில் தட்டித் தட்டி எழுதி முடிகிற விஷயமா அது?

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கக்கன் பிறந்த ஊரான தும்பைப்பட்டி போயிருந்தேன். பந்தி முடிந்ததும் அவருடைய மணிமண்டபத்துக்குள் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்தேன். நீ அனுப்பியதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில், மதுரை மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்கப் போன எம்.ஜி.ஆர்., அங்கே சாதாரண வார்டில் முன்னாள் மந்திரி கக்கன் கிடப்பதைப் பார்த்துக் கலங்கிய கதை. நடந்ததுதான். ஆனால் கக்கன் என்றாலே எல்லோரும் அந்த வார்டோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய ஏழ்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் செய்ததைப் பேசாமல் நழுவிவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவருடைய அப்பா ஊர்க்கோயில் பூசாரி. பூசாரி மகன், அதுவும் காங்கிரஸ் தொண்டர், ஆனாலும் தாழ்த்தப்பட்ட சாதி என்பதால் மதுரை மீனாட்சி கோயில் வாசலைத் தாண்ட முடியாது. 1939 ஜூலை 8 அன்று மதுரை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் உள்ளே அழைத்துப் போன சிலரில் கக்கனும் ஒருவர். அன்றைக்குச் சாமி கும்பிட்டதோடு அது முடியவில்லை. மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லித் தனியாகப் பூஜை நடத்தியவர்களும் மதுரையில் இருந்தார்கள். ராஜாஜி அரசாங்கம் அவசரமாகச் சட்டம் போட்டு, உள்ளே போனவர்களையும் அழைத்துப் போனவர்களையும் வழக்கிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம் யாராவது உனக்கு ஃபார்வர்டு செய்திருக்கிறார்களா?

வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயில், அப்புறம் அரசியல் நிர்ணய சபை, 1952இல் மதுரையிலிருந்து பார்லிமென்ட். 1957இல் காமராஜர் அவரைப் பொதுப்பணித்துறை மந்திரியாக்கினார். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். வைகை அணை 1959இல் திறந்தபோது அந்தத் துறை அவர் கையில் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் வைகை அணையில் தேங்கி, பேரணை வழியாகக் கால்வாயில் ஓடி, கடைசியாக நம் மேலூர்ப் பக்கம் வர வேண்டும். நாம் கடைமடை, கால்வாயின் கடைசி; ஒருபோகம், வருஷத்துக்கு ஒரே சாகுபடி. மேலே இருப்பவன் மடையைத் திறந்தால்தான் நமக்கு நாற்று. தண்ணீருக்குக் காத்துக் கிடப்பது என்னவென்று இந்த மண்ணில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, உனக்குப் பிடிக்காததற்கு வருகிறேன். 1965. அப்போது பக்தவத்சலம் முதலமைச்சர், கக்கன் உள்துறை மந்திரி. நீயும் நானும் எட்டாவது. இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போன உன் அண்ணன் நெற்றியில் தையலோடு திரும்பியதும், உங்கம்மா சுவரில் இருந்த காங்கிரஸ் காலண்டரைக் கழற்றி அடுப்பில் போட்டதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிதம்பரத்தில் ராசேந்திரன் என்ற மாணவன் போலீஸ் குண்டுபட்டுச் செத்தான். முதலமைச்சர் சொன்னபடி நடந்தது என்று கக்கனுக்காகச் சிலர் வாதாடுவார்கள். நான் வாதாட மாட்டேன். நாற்காலி அவருடையது, கணக்கும் அவர் பேரில்தான். 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். அந்த வருஷம் காமராஜரே தோற்றார் என்பது வேறு விஷயம். உங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள், நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அதே மனிதர்தான் பத்து வருஷம் மந்திரியாக இருந்தும் எதையும் சேர்த்து வைக்காமல் அந்த வார்டில் படுத்துக் கிடந்தார். 1981 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். நான் உட்கார்ந்திருந்தபோது பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் வந்தார்கள். "தாத்தா, இவரு பஸ்ஸுல போன மந்திரிதானே?" என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். கோயிலுக்குள் போன கதையையும் சொன்னேன். "அதுக்கு முன்னாடி ஏன் உள்ள விடல?" என்று கேட்டான். சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் அவன் அப்பா ஹாரன் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்.

கட்டுப் பிரித்ததும் ஒரு நடை வா. இந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் விட்டாயிற்று, நடவு நடக்கிறது. அண்ணனையும் கூட்டி வா, அவருக்கும் தும்பைப்பட்டியைக் காட்டுவோம். வரமாட்டேன் என்றுதான் சொல்வார், நான் கேட்டதாகச் சொல்லிப் பார்.

உன்,
சுந்தரம்