மருத்துவமனை நிர்வாகிகளே, ஊசி டப்பா எங்கே இருக்கிறது?

நிர்வாகிகளுக்கு, வணக்கம். வார்டில் வேலை பார்க்கும் ஒரு செவிலியர் எழுதுகிறேன்.

கழிவு பற்றிக் கூட்டம் போட்டாலே லாரி, ஒப்பந்தம், எரியூட்டி என்று பின்வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் முடிவாவது அங்கே இல்லை, ஊசி போட்டு முடித்த பத்து நொடியில். கையில் ஊசி, அதைப் போட வேண்டிய டப்பாவோ வராந்தாவின் கோடியில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கூப்பிடுகிறார். அந்த ஊசி எங்கே போகும்? தட்டிலேயே கிடக்கும், இல்லை மூடியைத் திரும்ப மாட்டப்போய் என் விரலில் ஏறும், இல்லையென்றால் சாதாரணக் குப்பைப் பைக்குள் விழும்.

அந்தப் பையை இறுக்கிக் கட்டித் தூக்குபவர் துப்புரவுப் பணியாளர், அவர் கையில் மெல்லிய ரப்பர் உறை. எல்லோரும் எச்ஐவிக்குப் பயப்படுகிறோம், ஆனால் எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது தொற்றும் வாய்ப்போ நூற்றில் 30 வரை போகலாம். எங்களுக்கு மூன்று தவணையும் போட்டீர்கள், சரி. அவருக்கு? கேட்டால், "அவர் ஏஜென்சி ஆள்" என்கிறீர்கள்.

இன்னொன்று. மருத்துவமனைக் குப்பையில் சுமார் 85 சதவீதம் வீட்டுக் குப்பை மாதிரிதான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மிச்சம் 15ஐ அதோடு கலந்துவிட்டால் நூறும் ஆபத்தான குப்பை, அத்தனையையும் எரிக்க நீங்கள்தான் செலவழிக்கிறீர்கள். அதோடு, மருந்து ஏற்றும் பிவிசி பிளாஸ்டிக் குழாயைச் சரியான வெப்பம் இல்லாமல் எரித்தால் டயாக்சின் என்ற நச்சு கிளம்பும். இப்படி எளிதில் அழியாத நச்சுகளைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் மருத்துவக் கழிவு எரியூட்டிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது சும்மா இல்லை. குழாய்களைத் தனியாகப் பிரித்திருந்தால் 121 டிகிரி நீராவியில் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது கிருமிகளைக் கொன்று, நொறுக்கிவிடலாம், புகையே கிடையாது. ஆனால் பிரிப்பது கட்டிலருகில் நடக்க வேண்டும். பின்வாசலில் பையைத் திறந்து பிரிக்கச் சொல்வது அந்தப் பணியாளரை ஊசிக்குள் கைவிடச் சொல்வதுதான்.

அதனால் கேட்பது இரண்டுதான். ஒவ்வொரு மருந்து வண்டியிலும் ஊசி துளைக்காத ஒரு டப்பா. குப்பையைத் தொடுகிற எல்லோருக்கும், யார் சம்பளம் கொடுத்தாலும், தடுப்பூசி.

டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்ற வேண்டும் என்பது விதி. நேற்று ராத்திரி எங்கள் வார்டு டப்பா வாய்வரை நிறைந்து, மேலே துருத்திக்கொண்டிருந்த ஊசியை ஒரு பயிற்சி மாணவி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். புது டப்பாக்கள் ஸ்டோரில் இருக்கின்றன. சாவி மாலை ஐந்து மணியோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.