அந்தச் சீட்டில் இருந்த 38

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் தைராய்டு புற்றுநோய்க் கட்டுரை படித்தேன். 'ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியோ அயோடின் (கதிரியக்க அயோடின்) கொடுத்தால் மிச்சமும் அழிந்துவிடும். டோஸ் கூடினால் பலனும் கூடும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்படியே நம்பிய வீடு எங்களுடையது.

தாராவியில் இருக்கும் என் அக்காவுக்குக் கொடுத்ததே 100 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு), பெரிய டோஸ்தான். அதற்கு முன் நான்கு வாரம் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை நிறுத்தினார்கள். அயோடின் உப்பு, முட்டை, பால், கடல் மீன் எதுவும் கூடாது. தூத்துக்குடிக்காரிக்கு நெத்திலிக் கருவாடு இல்லாமல் நாளை ஓட்டுவது பெரும்பாடு. அயோடின் சேர்க்காத உப்புக்காக மாட்டுங்கா மார்க்கெட்டில் நான் ஏறி இறங்காத கடையில்லை. அத்தனையும் செய்தும் ஆறாம் மாத ஸ்கேனில் கழுத்தில் ஒரு புள்ளி. "நான்தான் எதையோ தின்னு கெடுத்துட்டேன்டி" என்று அக்கா அழுதாள்.

வேறொரு டாக்டர் ஃபைலைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது. டோஸுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, பில்லுக்குப் பின்னால் ஸ்டேப்பிள் அடித்துக் கிடந்தது. தைரோகுளோபுலின் 38.

தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம் இது. சுரப்பியை எடுத்த பிறகு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 30-க்கு மேல் ஏறியிருக்கும்போது அளந்தால், உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். 10-க்குக் கீழே என்றால் ஒரே டோஸில் முடிய நல்ல வாய்ப்பு. எண் ஏற ஏற அது குறையும். இந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் எண்ணே பொய்யாகக் குறைந்து தெரியும், ஆகவே அதையும் கூடவே பார்க்க வேண்டும். ஜோசியம் இல்லைதான். ஆனால் 'இன்னொரு டோஸ் தேவைப்படலாம்மா' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம் அல்லவா?

டோஸ் விஷயமும் அப்படியே. 2012-இல் வெளியான பிரிட்டன், பிரான்ஸ் ஆய்வுகளில், ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கு 30 மில்லிகியூரியும் 100-ம் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பத்தியச் சீட்டு மராத்தியிலும் இந்தியிலும் இருந்தது. அக்காவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். உப்புக்கு ஒரு பக்கம் எழுதியவர்கள் அந்த 38-க்கு ஒரு வரி எழுதவில்லை. திருத்தம் போடுவதானால் தைரோகுளோபுலின் என்ற சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். அக்கா இருக்கும் சந்திலேயே போன வாரம் இன்னொரு பெண்ணுக்கு இதே ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை